ஆடியில் நனைத்த ஷூ

1. பீரோ

"ஷூவா? அது பீரோவுல பத்திரமா இருக்குங்க."

மல்லிகா போனில் இப்படிச் சொன்னாள். பட்டுப்புடவை பீரோவில் பத்திரமாக இருக்கலாம். நகை இருக்கலாம். ஐம்பது கிலோமீட்டர் காட்டுப்பாதையில் ஓடப்போகிற மனுசனுடைய ஷூ, ஓட்டம் நெருங்கி வருகிற நேரத்தில் பீரோவில் பத்திரமாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

"பெட்டியில இருந்து எடுக்கவே இல்லியா மல்லிகா?"

"ஆடி மாசம்லக்கா. ஆடியில புதுசு போடலாமா? ஆவணி பொறக்கட்டும். ஓட்டத்தன்னைக்குக் காலையில சாமி கும்புட்டு நானே எடுத்துக் குடுக்குறேன்."

நான் ஸ்டாக் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை டவுனில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூ மாட்டிவிடும் வேலைக்குச் சேர்ந்தவள், இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் செக்‌ஷனுக்கு நான்தான் மூத்த ஆள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று முதலாளி சொல்வார். வாய் இல்லாமல் இந்தத் தொழிலில் குப்பை கொட்ட முடியாது. அந்த வாயை வைத்துக்கொண்டும் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்த பாடு இது. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

2. சாயங்காலம் வாங்க

மல்லிகாவும் அவள் வீட்டுக்காரர் செல்வராசும் ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த வாரம் கடைக்கு வந்தார்கள். ஊர் கீரமங்கலம். மல்லிகா அங்கே பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாள். செல்வராசு வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வரும்போது சுகரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"லாங் டிஸ்டன்ஸ் ஓடுற ஷூ வேணும்க்கா. காட்டுப்பாதை. நல்ல குஷனா இருக்கணும்" என்றார் செல்வராசு.

மணி காலை பத்துக்கூட இருக்காது. "நல்லதுங்க தம்பி. சாயங்காலம் வாங்க" என்றேன்.

மல்லிகாவுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "கீரமங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கோம். சாயங்காலம் வான்னா, என்ன வெளையாடுறீகளா? வெளியில அம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்கீக!"

"கோவிச்சுக்காதம்மா. காலையில காலு ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. ஓட ஓட இன்னும் வீங்கும். இப்ப அளந்து குடுத்தா இப்பச் சரியா இருக்கும். பாதி தூரத்துல கடிக்க ஆரம்பிச்சிரும்."

'கடிக்கும்' என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. வீட்டுக்காரரைப் பார்த்தாள். "வாங்க, பஜாருக்குப் போயிட்டு வருவோம்" என்று எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் வந்தபோது அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்தேன். வலது கால் பெருவிரலில் நகம் கோணல்மாணலாக முளைத்திருந்தது. விரலின் ஓரத்தில் ஆறிய தழும்பு. விவரத்தை மல்லிகாதான் சொன்னாள்.

ஊருக்கு வந்த பிறகு செல்வராசு தைலமரக் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, சுகர் நன்றாகவே இறங்கிவிட்டது. ஊசி போட வேண்டும் என்று சொன்ன டாக்டரே மாத்திரை போதும் என்றார். அந்த நேரத்தில் துபாயிலிருந்து வந்த சிநேகிதன் ஒரு ஷூ கொண்டுவந்து கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு அதற்கு முந்தின வருடம் ஒரு முப்பது கிலோமீட்டர் ஓடினார். நகம் கறுத்தது, பிறகு கழன்றது, அப்புறம் சீழ் வைத்தது. சுகர்க்காரர் கால் புண் என்றால் கேட்கவா வேண்டும். பொங்கல் வரைக்கும் ஆறவில்லை. ஓட முடியாமல் உட்கார்ந்ததில் சுகரும் மறுபடி ஏறிவிட்டது.

"ஓடுங்க, ஆனா காலுல இன்னொரு புண்ணு வந்தா வெரல எடுக்குற மாதிரி ஆயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றாள் மல்லிகா. "இவுக கேக்கவா செய்றாக? ஐம்பது ஓடுறேன்னு பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறாக. நானும் சொல்லிப்புட்டேன். இந்த ஒரு தடவதான். காலுல ஒரு கொப்புளத்தோட வந்தாலும் சரி, அன்னையோட ஓட்டம் நின்னுபோச்சு. ஷூவத் தூக்கி அடுப்புல வச்சிருவேன்."

செல்வராசு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சிரிப்பில் சத்து இல்லை. ஓட்டம் நின்றால் சுகர் ஏறும், ஓடினால் கால் புண்ணாகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நான் எடுத்துக் கொடுக்கிற ஷூ ஒன்றுதான்.

முதலில் அவராகவே ஒன்றைக் கையில் எடுத்தார். அடிப்பாகம் ரொட்டி மாதிரி உப்பிய ஷூ. மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, "அக்கா, மெத்தை மேல நடக்குற மாதிரி இருக்கு. இதையே போடுங்க" என்றார்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன். அது நிறையச் சரளைக் கல். "இதுல ஏறி ஒத்தக்கால்ல நில்லுங்க" என்றேன். ஏறி நின்றார். கணுக்கால் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடியது. கீழே விழப் பார்த்தவரை மல்லிகா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது தார் ரோட்டு ஷூ தம்பி. குஷன் இருந்தா மட்டும் பத்தாது. உயரமான குஷனுக்கு அகலமான அடி வேணும். இல்லாட்டி கல்லுல கால் பொரண்டுரும்."

அடுத்து காட்டுப்பாதைக்கென்றே வருகிற டிரெயில் ஷூ ஒன்று. அடியில் கட்டை கட்டையாக நல்ல கிரிப். ஆனால் குஷன் குறைவு. மணிக்கணக்காகச் செம்மண் பாறையில் ஓடுகிறவருக்குக் குதிகாலும் முட்டியும் சும்மா இருக்காது. அதையும் ஒதுக்கினேன். மூன்றாவதாக எடுத்தது சாம்பல் கலர். குஷனும் கனம், அடியும் அகலம், விரல்கள் விரிந்துகொள்ளத் தாராளமான இடம். தட்டில் நின்றார், ஆடவில்லை.

"எனக்கு எப்பவும் எட்டுதான்" என்றார். நான் ஒன்பதை எடுத்தேன்.

"வளர்ற புள்ளையா அவுக, பெருசா வாங்குறதுக்கு?" என்றாள் மல்லிகா.

பக்கத்தில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் டூவீலர் ஏற்றுவதற்கு ஒரு சிமெண்டுச் சரிவு உண்டு. அதில் எட்டையும் ஒன்பதையும் மாற்றி மாற்றிப் போட்டு, இறங்கி ஓடச் சொன்னேன். சமதரையில் எல்லா ஷூவும் சரியாகத்தான் இருக்கும். சரிவில் இறங்கும்போதுதான் கால் முன்னால் நழுவி விரல் இடிக்கும். எட்டில் இடித்தது. ஒன்பதில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது.

"எத்தன தடவதான் எறங்குவாக?" என்றாள் மல்லிகா, ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே.

"போன வருசம் போன நகம் இந்த வருசம் போகாதுன்னு எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்."

அவளும் சம்மதித்தாள். பில் போட்டாச்சு. "தெனமும் போட்டு ஓடுங்க. அப்பத்தான் ஷூவும் காலும் ஒண்ணுக்கொண்ணு பழகும். காட்டுல நிக்கிற எடத்துலெல்லாம் அடியத் திருப்பிப் பாருங்க" என்று சொன்னேன். செல்வராசு தலையாட்டினார். மல்லிகா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி நேரே பீரோவுக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போன் போட்டு விசாரிப்பது என் பழக்கம். ஆடிப்பெருக்கு கழிந்து அப்படிப் போட்ட போனில்தான் இந்த இடி இறங்கியது.

3. மஞ்சள் தண்ணீர்

இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது என்று புரிந்துவிட்டது. வார லீவு அன்று காலையில் சமையலை முடித்துவிட்டுக் கீரமங்கலம் பஸ் ஏறினேன். "விக்கிறதோட ஒன் வேலை முடிஞ்சது. அடுத்தவுக வீட்டு விசயத்துல எதுக்கு மூக்க நொழைக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. மல்லிகா கடையில் முல்லையும் செண்டிப்பூவும் குவிந்து கிடந்தன. அவள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று எடை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, ஷூவுக்காகவா வந்தீக?" என்று சிரித்தாள்.

நான் நேரே விசயத்துக்கு வந்தேன். "மல்லிகா, புது ஷூவ ஓட்டத்தன்னைக்கு மொத மொதலாப் போட்டா, எங்க தைக்கும் எங்க கடிக்கும்னு அன்னைக்குத்தான் தெரியும். நடுக்காட்டுல தெரிஞ்சு என்ன பண்றது? போன வருசம் மாதிரியே ஆயிரும்மா."

"போன வருசம் ஏன் ஆச்சுன்னு நெனைக்கிறீக?"

"அளவு சரியில்ல. சின்ன ஷூ."

"நீங்க அளவு சரியில்லைங்கிறீக. நான் மாசம் சரியில்லைங்கிறேன். அதையும் ஆடியிலதான் மொத மொதல்லப் போட்டாக. வேணாம் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. பொங்கல் வரைக்கும் சீழ ஒத்தி எடுத்து மருந்து வச்சுக் கட்டுனவ நான். ஒங்களுக்கு அது கதை, எனக்கு அது கையில இருக்கு."

அவள் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. புண்ணைக் கழுவியது அவள் கை.

"ஆடிப்பெருக்குக்காவது எடுத்திருக்கலாமே. அன்னைக்குப் புதுசுக்குத் தடையில்லையே" என்றேன்.

"நெனச்சேங்க்கா. அன்னைக்கு மார்க்கெட்டுல மூச்சு விட நேரமில்ல. வீட்டுக்குப் போறப்ப பொழுது போயிருச்சு."

பேசிக்கொண்டே அவள் கட்டைப்பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்தாள். லேபிள்கூடக் கிழிக்காத துண்டு. அதைப் பக்கத்தில் இருந்த பக்கெட்டில் முக்கினாள். அதில் மஞ்சள் கரைத்த தண்ணீர். பிழிந்து உதறிப் பூக்கூடை மேல் போர்த்தினாள்.

"ஏம்மா, அது புதுசுல்ல? இது ஆடி இல்லையா?" என்றேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"கோடித்துணியாவா போட்டேன்? மஞ்சத் தண்ணியில நனைச்சுட்டா அது புதுசு இல்ல. பழசு" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவசரத்துக்குப் புதுத் துணி கட்ட வேண்டியிருந்தால் நனைத்துக் கட்டுவோம். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கடைக்குள் நுழைந்துவிட்டால் வீட்டுப் புத்தி எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

"அப்ப அந்த ஷூவ நனை" என்றேன்.

"செருப்பையா? துணிக்குத்தானேக்கா அது."

"அது துணிதாம்மா. மேல பூராவும் வலைத்துணி. ஒரு பொட்டுத் தோல் கெடையாது. அடியில ரப்பரு, நடுவுல ஸ்பாஞ்சு மாதிரி ஒண்ணு. அம்புட்டுத்தான்."

மல்லிகா தராசைக் கீழே வைத்தாள். யோசித்தாள். "தோலு இல்லைல்ல?"

"சத்தியமா இல்ல."

பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். வாசலில் இறங்கும்போதே, "ஏங்க, பீரோ சாவிய எடுங்க" என்று குரல் கொடுத்தாள். செல்வராசு சாவியோடு ஓடிவந்தார். அவர் ஓடின வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

பக்கெட்டில் மஞ்சளைக் கரைத்தாள். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. நான் விற்ற ஷூ தண்ணீருக்குள் மூழ்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யோசனை சொன்னதே நான்தான் என்பதும் மறந்துபோய், "போதும்மா, போதும்மா" என்று கத்தினேன்.

"என்ன பண்றீக ரெண்டு பேரும்? ஊறுகாயா போடுறீக?" என்றார் செல்வராசு.

வெளியே எடுத்தபோது சாம்பல் கலர் ஷூவில் திட்டுத் திட்டாக மஞ்சள். அது இன்றைக்கு வரைக்கும் போகவில்லை.

"இனிமே இது பழசு. போட்டுக்கிட்டு ஓடுங்க" என்றாள் மல்லிகா.

"காயட்டும்மா" என்றேன் நான்.

"காயக் காய நல்ல நேரம் போயிரும். இப்பவே ஒரு ஓட்டம் ஓடிட்டு வரட்டும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. அவர் சளக் சளக் என்று கண்மாய்க் கரை வரைக்கும் ஓடிவிட்டு வந்தார். வந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே பாதத்துக்கு அடியில் போட்டிருந்த இன்சோல் ஈரத்தில் நழுவி, முன்பக்கம் சுருண்டு கிடந்தது. காட்டன் சாக்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனத்து, விரல்களுக்கு நடுவே முறுக்கிக்கொண்டிருந்தது. சரியாக அந்தப் பழைய தழும்புக்குப் பக்கத்தில் லேசான சிவப்பு. மல்லிகா பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். அடி ஆத்தி! இவ்வளவு தூரத்துக்கே இப்படி என்றால் ஐம்பது கிலோமீட்டரில் என்ன ஆகியிருக்கும்?

கடையில் அவரைச் சரளைத் தட்டில் ஏற்றினேன், சரிவில் இறக்கினேன். தண்ணீரில் நனைத்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஆவணி பிறந்தால் மழை எந்த நேரமும் வரும். ஓடுகிற பாதையில் வாய்க்கால் இருக்கிறது. காலும் வேர்க்கும்.

"நல்லவேளை மல்லிகா. நீ மட்டும் இத நனைக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிடுவாளே என்று நிறுத்திக்கொண்டேன். ஷூவை வெயிலில் வைக்காதே, பசை விட்டுப்போகும், உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் வை என்று சொல்லிவிட்டு, இன்சோலை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. முதலாளி

மறுநாள் கடையில் மாற்று இன்சோல் தேடிக்கொண்டிருந்தபோது முதலாளி பிடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"என்னது? ஷூவப் பக்கெட்டுல முக்குனியா? நீ விக்க வந்தியா, தொவைக்க வந்தியா? வாரண்டி என்னாகுறது?"

"ஐயா, காட்டுல ஓடுறவுக தண்ணியில மிதிக்கத்தான் செய்வாக. அங்க நனையலாம், பக்கெட்டுல நனையக் கூடாதா?"

"மஞ்சளா கரைச்சீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். ஆனால் இன்சோலைத் தடுக்கவில்லை. அடிப்பக்கம் சொரசொரப்பாக, ஈரத்திலும் நழுவாத ஒன்றைத் தேர்ந்து, ஓரத்தில் இருபக்க டேப்பும் ஒட்டினேன். தண்ணீர் குடிக்காத மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக் கீரமங்கலம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து செல்வராசு போன் போட்டார்.

"அக்கா, வேணுமின்னே நனைச்சுட்டு ஓடிப் பாத்தேன். ஒண்ணும் பண்ணல. தெனமும் இதுலதான் ஓடுறேன்."

"மல்லிகா என்ன சொல்றா?"

"தெனமும் சாயங்காலம் கால எடுத்து மடியில வச்சுப் பாக்குறா."

5. வேப்பமரத்தடி

ஓட்டம் விராலிமலைப் பக்கம். மல்லிகா முந்தின நாளே போனில் உத்தரவு போட்டுவிட்டாள். "நீங்களும் வாங்கக்கா. எதாச்சும் ஆச்சுன்னா ஒங்களத்தான் புடிப்பேன்."

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செம்மண் பாதையெல்லாம் சகதி. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் போகிறது என்றார்கள். ஓடுகிறவர்கள் கிளம்பிப் போனதும் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நானும் அவளும் உட்கார்ந்தோம். மல்லிகா மடியில் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மருந்துப் பெட்டி. மருந்துப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் பயம் கூடியது.

வெயில் ஏறிய பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வந்து விழுந்து ஷூவைக் கழற்றினால், ஊறி வெளுத்த பாதங்கள். எங்களுக்கு எதிரிலேயே ஒருவர் குதிகால் தோல் உரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மல்லிகா அதையே பார்த்தாள். நானும் வேறு பக்கம் பார்ப்பது போல அதையேதான் பார்த்தேன்.

செல்வராசு வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தண்ணீர் கொடுக்கும் இடத்திலிருந்து பைக்கில் வந்த பையனிடம் மல்லிகா ஓடிப்போய் விசாரித்தாள். "தம்பி, சாம்பல் கலரு ஷூ. மஞ்சளா திட்டுத் திட்டா இருக்கும்."

"ஆமாங்க, பாத்தேன். தைலமரக் காட்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. ஷூவக் கழட்டி வச்சிருந்தாரு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்து மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்து வைத்தாள். நான் மனதுக்குள் விராலிமலை முருகனைக் கூப்பிட்டேன். அளவு, சரிவு, சரளைத் தட்டு எல்லாம் மறந்துபோயிற்று. எதற்கு இந்த வீட்டு விசயத்தில் மூக்கை நுழைத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தூரத்துத் திருப்பத்தில் முதலில் தெரிந்தது அந்த மஞ்சள் திட்டுதான். ஓட்டமும் நடையுமாக வந்தார். நொண்டவில்லை. நான் காலை மட்டுமே பார்த்தேன், இடது, வலது, இடது, வலது. இரண்டும் ஒரே மாதிரி தரையில் பட்டன. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மல்லிகா பாராட்டுக்கூடச் சொல்லாமல், "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்.

"எதுக்குக் காட்டுக்குள்ள உக்காந்தீக?"

அவர் கால்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார். கருவை முள். விரல் நீளம் இருந்தது.

"அக்காதான் நிக்கிற எடத்துலெல்லாம் அடியப் பாக்கச் சொன்னாக. ஏறியிருந்துச்சு. புடுங்கிட்டு வந்தேன். குஷனுக்குள்ளயே நின்னுபோச்சு, காலுக்கு வரல" என்றார்.

அவள் நம்பவில்லை. ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருவினாள். பாட்டில் தண்ணீரை ஊற்றிச் செம்மண்ணைக் கழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைத்துப் பார்த்தாள். வலது பெருவிரலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அமுக்கினாள். "வலிக்குதா?" "இல்ல." "பொய் சொல்றீகளா?" "இல்லடி." பாதத்தைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு கீறல் இல்லை. நகம் நகமாகவே இருந்தது.

மல்லிகா அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கை வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டேன், புடவையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள். எடுத்து வைத்த பஞ்சை அவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளப் பயன்படுத்தினாள்.

"அடுத்த வருசமும் ஓடுங்க" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தீகளாக்கா, மஞ்சத் தண்ணி வேலை செஞ்சிருச்சு" என்றாள்.

"இன்சோலும்தான்" என்றேன்.

இந்தப் பஞ்சாயத்து எங்கள் இருவருக்குள்ளும் இன்னும் முடியவில்லை.

6. எப்பப் போடுவீங்க?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, காலை அளப்பதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அளக்க வேண்டும், இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு அளக்க வேண்டும். சரிவில் இறக்கிப் பாருங்கள், கல்லில் நிறுத்திப் பாருங்கள். குஷனைக் கையால் அமுக்கிப் பார்த்து மயங்காதீர்கள். காட்டுப்பாதைக்கு வாங்குகிறவரிடம், ஒரு தடவை நனைத்துவிட்டு ஓடிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை, பூக்கடை மல்லிகா சொல்லிக்கொடுத்தது. கூடவே, பில் போடும்போது "எப்பப் போடுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். நம் ஜனங்கள் ஆடியில் வாங்குவார்கள். போடுவது எப்போது என்பதை வீடு முடிவு செய்யும். ஷூ ஓடுகிறவருக்கு மட்டும் விற்பதில்லை, அவர் வீட்டுக்கும் சேர்த்து விற்கிறோம்.

இந்த வருடம் ஆடித் தள்ளுபடிக்கு மல்லிகா தனியாக வந்தாள், வீட்டுக்காரருக்கு வாங்கத்தான் என்று நினைத்தேன். "எனக்குக்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். விடியலில் இருந்து சிமெண்டுத் தரையில் நின்று நின்று குதிகால் வலி தாங்க முடியவில்லையாம். வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொன்னாள். சாயங்காலமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள், அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளந்து, நிற்கவைத்து, நடக்கவைத்து, நல்ல குஷனாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எழுந்து நின்றவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

பில் போடும்போது மறக்காமல் கேட்டேன். "எப்பம்மா போடுவ? ஆவணியிலயா?"

"ஆவணி வரைக்கும் எவ வலியோட நிப்பா?" என்றாள். "வீட்டுல மஞ்சள் கரைச்சு வச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."